சீனியர்கள் நடத்தும் கணக்கு வட்டம்: மூன்று வருடம் இருந்து பார்த்தவளின் விமர்சனம்

மதுரையில் நான் பி.எஸ்சி. கணிதம் படித்த கல்லூரியில், சாயங்காலம் சீனியர்களே நடத்தும் படிப்பு வட்டம் ஒன்று உண்டு. முதல் வருடம் ஜூனியராகப் போய் உட்கார்ந்தேன், அடுத்த இரண்டு வருடம் நானே நடத்தினேன். குறையும் சொல்லப் போவதால் கல்லூரியின் பெயர் வேண்டாம். சேரலாமா என்று கேட்டால், யோசிக்காமல் சேருங்கள்.

நான் உசிலம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். பள்ளியில் 'எல்லை', 'வகையிடல்' என்று படித்ததெல்லாம் இங்கே லிமிட், டிஃபரன்ஷியேஷன் என்று வந்து நின்றபோது, தெரிந்த கணக்கே தெரியாத மாதிரி ஆகிவிட்டது. எழுந்து சந்தேகம் கேட்கக் கூச்சம். அதிலும் லிமிட்டைத் துல்லியமாகச் சொல்லும் எப்சிலான், டெல்டா வரையறை (விடை எவ்வளவு விலகலாம் என்பது எப்சிலான், அதற்கு x எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது டெல்டா) வந்த வாரம் ஹாஸ்டலில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரம்தான் வட்டத்துக்குப் போனேன். நடத்திய அக்கா பாடமே எடுக்கவில்லை. 3x+1 என்று போர்டில் எழுதி, x இரண்டை நெருங்கினால் விடை எதை நெருங்கும் என்று கேட்டார். ஏழு என்றோம். சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டு, "ஏழிலிருந்து 0.3-க்கு மேல் விலகக் கூடாது, x-ஐ இரண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வைப்ப?" என்றார். தப்புத் தப்பாகப் போட்டு, கடைசியில் 0.1 என்று வந்தது. 0.03 என்றால்? 0.01. அப்போ நான் எந்த எப்சிலான் கொடுத்தாலும்? மூன்றால் வகுத்தால் டெல்டா! புரியாமல் மனப்பாடம் செய்துகொண்டிருந்த வரையறையை அரை மணி நேரத்தில் நாங்களே கட்டி எடுத்தோம், அதுவும் முழுக்கத் தமிழில் பேசியே. விடையைச் சொல்லாமல் பொறுத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நான் நடத்தும்போதுதான் தெரிந்தது.

இது ஒன்றும் புதுசு இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பான். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னை எழும்பூர் அனாதை விடுதிப் பள்ளியைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதையும் பெரிய பையன்களைக் கொண்டு சின்னவர்களுக்குக் கற்பிப்பதையும் சேர்த்து ஒரு முறையாக்கினார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார், அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர்.

சரி, குறைக்கு வருகிறேன். நான் மூன்றாம் வருடம் போனபோது, அரியர் வைத்தவர்கள் மட்டும் கட்டாயம் வர வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் பெயரோடு ஒட்டிவிட்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. அந்த லிஸ்டில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள், லிஸ்டில் இல்லாதவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியிலுள்ள மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1973-இல் இதே மாதிரி ஒன்றைத் தொடங்கியபோது, அவர்கள் மாணவர்களைப் பிரிக்கவில்லை, நிறையப் பேர் தோற்கும் பாடத்தைத்தான் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பாடம் எடுத்த யார் வேண்டுமானாலும் வரலாம். நன்றாகப் படிப்பவளும் பக்கத்தில் உட்கார்ந்தால்தானே தடுமாறுபவளுக்குக் கூச்சம் போகும்? இதை எழுதியே கொடுத்தோம், இரண்டு மாதம் கழித்து அந்த லிஸ்டை எடுத்தார்கள். கூட்டம் திரும்ப வந்தது, ஆனாலும் முன்பு மாதிரி இல்லை.

இன்னொன்று, நேரம். ஐந்தரைக்கு முடித்தால் ஆரப்பாளையம் போய்ப் பஸ் பிடிக்கிற பிள்ளைகளுக்கு வீடு சேர இருட்டிவிடுகிறது. மதிய இடைவேளையில் ஒரு நாளாவது வைக்கலாம்.

நடத்த ஆசைப்படுபவர்களுக்கு: அந்தப் பாடத்தில் நல்ல மார்க் இருந்தால் மட்டும் போதாது, ஜூனியர்களின் வகுப்பில் வாரம் ஒரு முறையாவது பின்பெஞ்சில் போய் உட்காருங்கள், இந்த வருட ஆசிரியர் எந்தக் குறியீடு போடுகிறார் என்று தெரியும். கட்டணம் கிடையாது. புதன், வெள்ளி நாலரை மணி. முடியாமல் விட்ட ஒரு கணக்கை, விட்ட இடம் வரை எழுதிக் கொண்டுவாருங்கள்.