மெடிக்கல் கவுன்சிலிங்: யாருடைய நம்பர், யாருடைய வங்கிக் கணக்கு என்று பாருங்கள்

தம்பிக்கு நீட் ரிசல்ட் வந்த மறுநாளே அம்மா ஒரு 'கவுன்சிலிங் வழிகாட்டி' அலுவலகத்துக்குப் போய்விட்டார். நான் திருப்பூரில் வேலையில் இருந்தேன். எங்கள் வீட்டில் டாக்டருக்குப் படிக்க விண்ணப்பம் போட்டவர்கள் யாரும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஏசி அறை, சுவரெல்லாம் வெள்ளை கோட் போட்ட பிள்ளைகளின் போட்டோ. "அம்மா, நீங்க கவலையே படாதீங்க, எல்லாத்தையும் நான் பார்த்துக்கிறேன்" என்றாராம் அங்கிருந்த ஏஜென்ட். கட்டணம் 25,000 ரூபாய். முன்பணமாக 15,000 வாங்கிக்கொண்டார்.

அவர் செய்த முதல் வேலை, அகில இந்திய ஒதுக்கீட்டை நடத்தும் மத்திய மருத்துவக் கவுன்சிலிங் குழுவான எம்சிசி தளத்திலும் நம் மாநிலத் தேர்வுக்குழு தளத்திலும் தம்பியைப் பதிவு செய்தது. இரண்டும் வேறு வேறு தளங்கள், பாஸ்வேர்டும் தனித்தனி, கடைசித் தேதியும் தனித்தனி. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் எம்சிசி வழியாகவும், மீதி 85 சதவீதம் மாநிலம் வழியாகவும் நிரப்பப்படுகின்றன. இரண்டு பாஸ்வேர்டும் அவரிடம்தான் இருந்தன. மாநிலப் பதிவில் மெயில் ஐடி, மொபைல் நம்பர் எல்லாமே அவருடையவை. "ஓடிபி வரும், பையன் தூங்கிட்டா என்ன பண்றது?" என்று காரணம் சொன்னார். அது எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அடுத்து, ஒரிஜினல் சான்றிதழ்கள். 10, 12ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், டிசி, சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் 'வெரிஃபிகேஷன்' என்று வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆன்லைனில் ஏற்ற ஸ்கேன் போதும். இடம் கிடைத்தபின் கல்லூரியில் சேரும்போதுதான் ஒரிஜினல் கேட்பார்கள். அதற்கு முன் அதை வேறு யாரும் வாங்கி வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெரிய அடி அதற்கப்புறம் விழுந்தது. "நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் போட்டு வைப்போம், ஒரு பாதுகாப்புக்கு" என்றார். அதற்கு எம்சிசியில் பதிவுக் கட்டணம் 5,000, திரும்பக் கிடைக்கும் டெபாசிட் 2,00,000. அந்தக் கல்லூரிகளில் ஒரு வருடக் கட்டணமே எங்களால் கட்ட முடியாத தொகை. அதை அவரும் அறிவார். ஆனாலும் அம்மா வளையலைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து 2,05,000 ரூபாயை ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் தன் கார்டில் கட்டினார். எங்களுக்குக் கிடைத்தது ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதிய 'பெற்றுக்கொண்டேன்' மட்டும்.

மாநிலக் கவுன்சிலிங்கில் கல்லூரி விருப்ப வரிசையை இனி மாற்ற முடியாதபடி பூட்ட வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின இரவு நான் ஊரில் இருந்தேன். தம்பி ஒரு 40 பக்க நோட்டில் தன் விருப்பத்தை எழுதி வைத்திருந்தான். முதலில் திருநெல்வேலி, பிறகு தூத்துக்குடி, விருதுநகர் என்று அரசுக் கல்லூரிகள்தான் வரிசையாக. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் முதல் ஆறு இடமும் சுயநிதிக் கல்லூரிகள், அதாவது தனியார் கல்லூரிகள். ரேங்க் வரிசைப்படி ஒதுக்கும்போது நம் பட்டியலில் மேலே இருந்துதான் பார்த்துக்கொண்டு வருவார்கள். மேலே இருக்கிற சுயநிதியில் இடம் இருந்தால் கீழே இருக்கிற அரசுக் கல்லூரிக்கு அந்தச் சுற்றில் பேச்சே இல்லை. வருடத்துக்குப் பல லட்சம் வித்தியாசம். மாற்றலாம் என்று உள்ளே போகப் பார்த்தால் ஓடிபி அவர் போனுக்குப் போகிறது. ஒன்பது மணியிலிருந்து அழைத்தோம், எடுக்கவில்லை. மறுநாள் காலை அலுவலகப் படியில் நான், அம்மா, தம்பி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மீதி 10,000 கொடுத்த பிறகுதான் ஓடிபியும் ஒரிஜினலும் கைக்கு வந்தன. தம்பி அங்கேயே நின்று, நோட்டைப் பார்த்துப் பட்டியலை மாற்றிப் பூட்டினான். கை நடுங்கியது அவனுக்கு.

அவனுக்கு அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் டெபாசிட்டை இரண்டு மாதம் மறந்திருந்தோம். நிகர்நிலையில் இடம் ஒதுக்கப்படவில்லை, ஆகவே 2 லட்சமும் திரும்ப வர வேண்டும். ஆனால் எந்தக் கணக்கிலிருந்து கட்டினோமோ அதே கணக்குக்குத்தான் எம்சிசி பணத்தைத் திருப்பி அனுப்பும். அதை அவர்களே அறிவிப்பில் சொல்லியிருக்கிறார்கள். பணம் அவர் கணக்குக்குப் போயிருந்தது. கேட்டால் "இன்னும் வரலை", அப்புறம் "அடுத்த வாரம்", அப்புறம் போனே எடுப்பதில்லை.

இந்த வருடம் விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பதிவில் உங்கள் நம்பரும் உங்கள் மெயிலும் இருக்கட்டும். பணத்தை உங்கள் கணக்கிலிருந்தே கட்டுங்கள். கார்டு இல்லையென்றால் சொந்தக்காரர் கணக்கிலிருந்து கட்டுங்கள், ஏஜென்ட் கணக்கு மட்டும் வேண்டாம். ஒரிஜினல்கள் ஒரு ஃபைலில் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு நோட்டில் இரண்டு தளத்தின் தேதிகளையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கான ஓபிசி சான்றிதழ் மத்திய அரசு வடிவத்தில் தனியாக வாங்க வேண்டும், நம் சாதிச் சான்றிதழ் அதற்குப் போதாது. தாலுகா அலுவலகத்தில் நாள் பிடிக்கும், முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கட்டணம் கட்டிய ஒவ்வொரு பக்கத்தையும் பிரின்ட் எடுங்கள். விருப்பப் பட்டியலைப் பிள்ளையே உட்கார்ந்து பூட்டட்டும்.

போலீஸில் புகார் கொடுத்தோம். எங்களிடம் இருந்த வாட்ஸ்அப் செய்திகளும் அந்த வெள்ளைத்தாளும்தான் கைகொடுத்தன. ஸ்டேஷனில் வைத்து 60,000 ரூபாய் கொடுத்தார். பாக்கி 1,40,000. அம்மாவின் வளையல் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.