கவுனிக் கஞ்சியா, டின் பவுடரா? மூக்குக் குழாய்க்கு எங்களுக்குச் சரிப்பட்டது

மதுரையில் ஐசியூவில் 16 நாள் கிடந்துவிட்டு, மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு விடும் ரைல்ஸ் டியூபோடு அம்மா காரைக்குடி வீட்டுக்கு வந்தார். முன்பெல்லாம் சோப்புப் போட்டால்தான் கழலும் வளையல், இப்போது கையைத் தூக்கினால் முழங்கைக்கு ஓடியது. கடும் நோயும் படுக்கையும் சேர்ந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்ளும். லண்டனில் 63 ஐசியூ நோயாளிகளை வைத்து 2013-ல் வெளியான ஆய்வில், பத்தே நாளில் தொடைத் தசையின் குறுக்களவு கிட்டத்தட்ட 18 சதவீதம் குறைந்திருந்தது.

டயட்டீஷியன் எழுதித் தந்தது தண்ணீரில் கரைத்துக் குழாயில் விடும் டின் சத்துப் பவுடர். பெரியம்மாவோ வந்த அன்றே கவுனி அரிசியை ஊறப்போட்டுவிட்டார்.

செலவைப் பார்த்தால் கஞ்சிதான், அதில் பேச்சே இல்லை. பவுடர் மட்டும் என்றால் 400 கிராம் டின் ஐந்து நாளைக்கு நாலு ஆகும்.

என்னைப் பவுடர் பக்கம் தள்ளியது புரதக் கணக்கு. ஐசியூ நோயாளிக்குப் படிப்படியாக ஏற்றி, உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்கு 1.3 கிராம் வரை புரதம் கொடுக்கலாம் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். அம்மாவின் 50 கிலோவுக்கு 65 கிராம். வயிறு தாங்குவது ஒரு வேளைக்கு 200 மில்லி, நாளைக்கு எட்டு வேளை. 30 கிராம் அரிசி போட்ட கஞ்சியில் இரண்டு கிராம் புரதம்தான், எட்டு வேளைக்கும் சேர்த்து 16. சரி, வேகவைத்த முட்டை, பருப்பு என்று அரைத்துச் சேர்த்தால் கெட்டியாகிக் குழாயில் இறங்காது, தண்ணீர் விட்டு இளக்கினால் அளவு கூடிவிடும், வயிறு என்னவோ அதே 200 மில்லிதான். நாங்கள் வாங்கிய பவுடரில் 100 கிராமுக்கு 20 கிராம் புரதம் என்று டின்னிலேயே இருந்தது. வேளைக்கு 40 கிராம் கரைத்தால் நாளைக்கு 64 வந்துவிடும்.

அப்புறம் அடைப்பு. வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டியும் கவுனியின் கருப்புத் தோல் சிரிஞ்சு முனையில் ஒட்டிக்கொண்டு நின்றது, மூன்றாம் நாள் ராத்திரி குழாயே அடைத்துப் புதிது போட வேண்டியதாயிற்று, அப்போது அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் மறக்கவில்லை. பவுடரிலும் ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விடாவிட்டால் அடைக்கும்தான். தலைமாட்டை உயர்த்தி வைப்பது எதற்கும் பொது.

புரதத்தை அள்ளிக் கொட்டினால் தசை வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வில், ஐசியூவில் கூடுதல் புரதம் கொடுத்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது கெடுதலாகக்கூட இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. அம்மாவுக்குக் கால் தேறியதில் பவுடருக்கு எவ்வளவு பங்கு, தினமும் கட்டிலோரம் உட்காரவைத்த ஃபிசியோவுக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வயிற்றில் நேராகப் போடும் குழாய் வரை நாங்கள் போகவில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச்சில்லை.

மதியம் ஒரு வேளையை மட்டும் பெரியம்மாவுக்கு விட்டுக்கொடுத்தோம்: வடிகட்டிய பருப்புத் தண்ணீரில் பால் கலந்து, உடனுக்குடன் செய்து. கவுனி மட்டும் கிடையாது.