கண்டியிலிருந்து பாரதெக்க வரை: ஒரு நாள் வரலாற்றுப் பயணச் சேவை

கடந்த பாடசாலை விடுமுறையில், கண்டியில் இயங்கும் சிறிய சுற்றுலாச் சேவையொன்றின் ஒரு நாள் வரலாற்றுப் பயணத்துக்கு என் அம்மாவையும் பத்தாம் தரத்தில் படிக்கும் மகளையும் அழைத்துச் சென்றேன். வேன், தமிழ் பேசும் வழிகாட்டி, நான்கு இடங்கள், பகல் சாப்பாடு எல்லாம் சேர்த்து மூவருக்கும் 21,000 ரூபாய். அதிகம் அறியப்படாத மலைநாட்டுக் கதைகளைச் சொல்வதாக அவர்கள் விளம்பரம் செய்கிறார்கள். அந்த வாக்கு பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது என்றே சொல்வேன். ஆனால் நாளின் நேரத்தைப் பங்கிட்ட விதத்தில் எனக்குக் குறை உண்டு.

முதல் இடம் தலதா மாளிகைக்குப் பின்புறம் மேட்டில் இருக்கும் பிரித்தானியக் காவற்படைக் கல்லறைத் தோட்டம். வழிகாட்டித் தம்பியின் கதை சொல்லும் திறமை இங்கேதான் முழுமையாக வெளிப்பட்டது. கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியர் கையில் ஒப்படைத்த 1815ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தத்துக்குப் பின்னிருந்து வேலை செய்தவரும், சிங்களத்தை நன்கு கற்றவருமான ஜோன் டொயிலி என்ற பிரித்தானிய அதிகாரி 1824இல் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். வாட்டர்லூ உட்படப் பெரும் போர்களில் உயிர் தப்பிய ஜேம்ஸ் மக்ளாஷன் என்ற இளம் இராணுவ அதிகாரி, 1817இல் மலேரியாவுக்குப் பலியானார். 1856இல் இறந்த ரொபட்சன் என்பவர் இலங்கையில் காட்டு யானையால் கொல்லப்பட்ட ஏழாவதும் கடைசியுமான ஐரோப்பியர் என்று பதிவாகியிருக்கிறார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு என் மகள் ஒவ்வொரு கல்லாக நின்று வாசித்தாள். இங்கே ஒன்றரை மணிநேரம் போனதே தெரியவில்லை.

ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலையை விரைவாகப் பார்த்தோம். 1925இல் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலையே 2001இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. தேயிலைக்கு முன் மலைநாட்டுப் பயிராக இருந்த காப்பி அழிந்த கதையை இங்கே அவர் சொன்ன முறை பாராட்டத்தக்கது. 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோயை உண்டாக்கும் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்பது விஞ்ஞானப் பெயர். வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் அதைத் திரித்து, நாசம் செய்யும் பெண் என்ற பொருளில் ‘டெவஸ்டேட்டிங் எமிலி’ என்று அழைத்தார்களாம். ஆனால் முதல் தேயிலைச் செடியை இலங்கைக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் டெய்லர் என்று அவர் சொன்னது பிழை. சீனாவிலிருந்து வந்த செடி 1824இலேயே பேராதனைத் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டுவிட்டது. டெய்லர் செய்தது 1867இல் லூல்கந்துர என்ற தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக்கியது. கட்டணம் வாங்கிக்கொண்டு வரலாறு சொல்பவர்கள் இத்தகைய அடிப்படைத் தகவலைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து மகியாவக் கல்லறைத் தோட்டம். டெய்லர் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பங்களாவின் விறாந்தையையே தொழிற்சாலையாக்கி, மேசைமேல் கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பிட்டுத் தேயிலையை உலர்த்திய அந்த மனிதர் 1892 மே 2ஆம் திகதி வயிற்றுளைவு நோயால் இறந்தபோது அவருக்கு வயது 57. லூல்கந்துரவிலிருந்து கண்டி வரை ஏறத்தாழ 18 மைல். அவரோ பெருத்த உடம்புக்காரர். ஆகவே 24 தொழிலாளர்கள் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரிந்து, நான்கு மைலுக்கொரு முறை தோள் மாற்றி அவரைச் சுமந்து வந்தார்கள். தேயிலைக்கும் கொயினா மருந்து தரும் சின்கோனாவுக்கும் முன்னோடி என்று கல் அவரைப் போற்றுகிறது. தூக்கிவந்தவர்களின் பெயர் அதில் இல்லை.

இதைக் கேட்டு முடித்ததும் என் அம்மா, “அவரைத் தூக்கி வந்த ஆக்கள் எப்படித் திரும்பிப் போனாங்க தம்பி?” என்று கேட்டார். வழிகாட்டி சற்று யோசித்து, “நடந்துதான் போயிருப்பாங்க அம்மா” என்றார். முப்பது வருடம் தோட்டத்தில் கொழுந்துக் கூடை சுமந்த அம்மாவுக்கு அந்தக் கேள்வி இயல்பாக வந்தது. எனக்கோ, பல தடவை கேட்டும் வாசித்தும் இருந்த கதைதான் என்றாலும், அது தோன்றியதில்லை.

கடைசி இடம் கம்பளைக்கு அப்பால் பாரதெக்கவில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில் உள்ள தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் தொழிலாளர் குடும்பங்கள் ஆளுக்கொரு காம்பராவில் (அறையில்) வாழ்ந்த வரிசை வீடான ஒரு பழைய லயத்தையே இவ்வாறு மாற்றி 2007இல் திறந்தது. முழுப் பயணத்தின் பெறுமதியும் இங்கேதான் இருக்கிறது. துண்டு முறையை வழிகாட்டி இங்கே தெளிவாக விளக்கினார். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகைக் கடனை அடைத்தால் இந்தத் தொழிலாளர் கூட்டத்தை விடுவேன் என்று துரை எழுதித் தரும் சீட்டுத்தான் துண்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடனோ, ஆட்களைச் சேர்த்து மேற்பார்த்த கங்காணியின் கணக்கில் ஆட்கள் தலையில் ஏறிக்கொண்டே போகும். 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மகள் பாடப் புத்தகத்தில் இதைப் படித்ததில்லை என்றாள்.

ஆனால் இங்கே எங்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் வெறும் நாற்பது நிமிடம். வெள்ளைக்காரரின் விசித்திரச் சாவுகளுக்கு ஒன்றரை மணிநேரம் ஒதுக்கிய சேவை, நம்மவர் வாழ்ந்த காம்பராவுக்கு அதில் பாதிகூட ஒதுக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பயணத்தைப் பதிவு செய்கிறவர்கள் காலையிலேயே பாரதெக்கவுக்குப் போகும்படி முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. கையேடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. தமிழில் ஒன்று அச்சிடும்படி அவர்களிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.

அம்மா நேரத்தைப் பொருட்படுத்தவில்லை. லயத்தின் முன் திண்ணையான இஸ்தோப்பில் அமர்ந்து, இத்தகைய ஒற்றைக் காம்பராவில் தாம் ஏழு பேரோடு படுத்தெழுந்ததையும், மழை நாளில் விறகு காயாமல் அடுப்படிப் புகையில் கண் எரிந்ததையும் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வழிகாட்டித் தம்பி குறிப்புப் புத்தகத்தை எடுத்து அவற்றை எழுதிக்கொண்டார். வேன் அரை மணிநேரம் பிந்திப் புறப்பட்டது. அதற்காக மேலதிகக் கட்டணம் கேட்கப்படவில்லை.