லாட்ஜ் வைத்தியரிடம் 18,500 ரூபாய் போச்சு: நெல்லைக்காரர்கள் கவனிக்கவும்

வயிறு எரிந்து எழுதுகிறேன். மாதம் ஒருமுறை ஜங்ஷன் பக்கம் லாட்ஜில் அறை எடுத்து, "அந்தரங்க நோய்கள் அடியோடு குணம்" என்று சுவரொட்டி ஒட்டுகிற ஆள் அவர்.

எனக்குப் பிறப்புறுப்பில் கொப்புளம் எழும்பிப் புண்ணாகி, ஒன்றுக்குப் போனாலே உயிர் போகிற எரிச்சல். தெரிந்த டாக்டரிடம் காட்டக் கூச்சம். அங்கே போனேன். கதவைத் தாழிட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட வந்துட்டியள்லா, இனி வீட்டுல ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்." அந்தப் பேச்சுக்குத்தான் 18,500 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். இது ஹெர்பிஸ், உறவில் தொற்றுகிற வைரஸ் கிருமியால் வருகிற கொப்புளம்; ஒரு மண்டலம் சாப்பிட்டால் அந்தக் கிருமியே உடம்பை விட்டுப் போய்விடுமாம். தந்தது லேபிளைச் சுரண்டிய டப்பாவில் வெல்ல வாடை அடிக்கிற லேகியமும் கொஞ்சம் கருப்பு உருண்டைகளும். ரசீது கேட்டால், துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கி நீட்டினான் உதவியாள்.

புண் ஆறியது. "கிருமி செத்துட்டு, இனி சம்சாரத்தோட தாராளமா இருங்க" என்றார்.

அப்புறம் அதே இடத்தில் மறுபடியும் கொப்புளம். போன் போட்டால், "கருவாடு தின்னியளா? கத்தரிக்கா?" என்று பத்தியத்தின் மேல் பழி. பிறகு "அடுத்த மாசம் நேர்ல வாங்க." நேரில் போனால் இன்னும் 7,000 கேட்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "வீட்டு நம்பர் இருக்கு, அங்க பேசட்டா?" என்கிறான் உதவியாள். இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 18,500 ரூபாய்!

ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா விளக்கினார். இந்த வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் போய்ப் பதுங்கிவிடும்; அதை அடியோடு வெளியேற்றும் மருந்து இன்னும் வரவில்லை. முதல் புண் மருந்தே இல்லாமலும் 2 முதல் 4 வாரத்தில் ஆறிவிடும். அந்தப் பாவி அதைத் தன் லேகியத்தின் கணக்கில் எழுதிக்கொண்டான். எனக்கு வைரஸை அடக்குகிற அசைக்ளோவிர் மாத்திரை 400 மில்லிகிராம், மூன்று வேளை, இலவசமாகவே தந்தார்கள். கொப்புளத்துக்கு முன்னால் வரும் குறுகுறுப்பிலேயே தொடங்கினால் சீக்கிரம் அடங்கும். அடிக்கடி வருகிறவர்களுக்குத் தினசரி மாத்திரை உண்டு, துணைக்குத் தொற்றுவதும் அதில் குறையும். ஆனால் புண் இல்லாதபோதும் பரவலாம் என்றார். கேட்டதும் கை கால் ஓடவில்லை. தாராளமா இருங்கன்னு சொன்னானே! பணத்தைவிட அதுதான் கொதிக்கிறது.

எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. முழுசாகக் குணமாக்குவேன் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள். பெயரில்லாத மருந்தை வாங்காதீர்கள். வீட்டு நம்பரைக் கொடுக்காதீர்கள். பால்வினை நோய் குணமாகும் என்று விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷத்து மருந்து, மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம், சுவரொட்டியைப் பார்த்தால் படம் எடுத்து வையுங்கள்.