திண்ணை வைத்த தரைவீடு: பத்து வருடம் குடியிருந்த பிறகு

சிங்கப்பூர் சிராங்கூன் கார்டனில் பழைய வரிசை வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிக் குடிவந்து பத்து வருடம் ஆகிறது. கட்டும்போது, குடியிருந்து பார்த்தவர்கள் சொன்னதுதான் எனக்கு உதவியது. என் பங்குக்கு இது.

அப்போது என் மனதில் இருந்தது லிட்டில் இந்தியா எனும் தேக்காவில், கெர்பாவ் ரோட்டில் இருக்கும் டான் டெங் நியா என்ற சீன வணிகரின் வீடு. 1900இல் கட்டிய வீடு. அந்தப் பல வண்ணக் கதவு சன்னல்களை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். நம் வீட்டையும் நாலு பேர் அடையாளம் சொல்ல வேண்டும் என்று மாடி முகப்பில் மேற்குப் பார்த்து மரப்பட்டிகள் வைத்தேன். செலவில் பெரும்பங்கு அதற்குத்தான் போனது. மூன்றாம் வருடமே வெயிலிலும் மழையிலும் நெளிந்து, சாம்பல் நிறமாகிவிட்டன. கழற்றி அலுமினியம் போட்டோம். மேற்கு முகத்துக்கு மரம் வேண்டவே வேண்டாம்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "வாசல்ல ஒரு திண்ணை வச்சுடுப்பா." சாலையோரச் சுவரை 1.8 மீட்டர் வரை எழுப்பலாம். நாங்கள் அதைத் திண்ணைக்குப் பின்னால் தள்ளிக் கட்டினோம். இடம் எங்களுடையதுதான், ஆனால் முகம் தெருவைப் பார்த்திருக்கும். கார் நிறுத்தும் இடம் குறைந்ததில் எனக்கு அப்போது வருத்தம்தான்.

ஏழடி நீளம், சிவப்பு ரெட் ஆக்சைடு பூச்சு. ஓரங்களில் நிறம் மங்கிவிட்டது. ஆட்கள் உட்காரும் நடுப்பகுதி மட்டும் எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிறது. காலையில் பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளைகள், மதியம் உணவு கொண்டுவரும் தம்பிகள், சாயங்காலம் சந்தைப் பையோடு பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி. "சிவப்புத் திண்ணை வீட்டுக்கு எதிரே" என்றால் போதும், இந்தத் தெருவில் யாருக்கும் வீட்டு எண் தேவைப்படுவதில்லை. மாடி முகப்பைப் பற்றி இதுவரை ஒருவர்கூடப் பேசியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. விடியற்காலையில் சுமத்ரா காற்று, அதாவது சுமத்ரா பக்கமிருந்து மழையோடு வரும் சூறைக்காற்று, அடித்தால் சாரல் முழுக்கத் திண்ணையில்தான். 1822 நகரத் திட்டத்தில், நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் கூரையோடு நடைபாதை கேட்டது சும்மா இல்லை. அஞ்சடி என்கிற அந்த நடைபாதையில் பழைய கடைக்காரர்கள் தொங்கவிட்ட மாதிரியே மூங்கில் தட்டி மாட்டினேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஆனால் வேலை செய்கிறது. அப்புறம், கூரைத் தகரக் கால்வாய்க்குச் சரிவு சரியாக வைக்காமல் கான்டிராக்டர் விட்டுவிட்டார். தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு வந்தது. ஏணி போட்டு நீங்களே ஏறிப் பார்த்துவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.

போன மாதம் எதிர்வீட்டை இடித்தார்கள். அங்கே கட்டப்போகும் இளம் தம்பதி டேப்போடு வந்து, கேட்டுக்கொண்டு, திண்ணையின் உயரத்தை அளந்தார்கள். 17 அங்குலம். முழங்கால் வலிக்கு எழுந்திருக்கத் தோதாக இருக்கும் என்று அம்மா நாற்காலியை அளந்து சொன்ன உயரம்.