செம்பூரில் ஐந்து வருஷம் டயல்-அப்போடு

1999-இல் மும்பை செம்பூர் வீட்டுக்கு, டெலிபோன் லைன் வழியாக டயல் செய்து இணையத்தில் சேர்க்கும் ஒரு 56கே மோடம் வாங்கினேன். 2004 வரை அதோடுதான் குடித்தனம். பெட்டியில் போட்டிருந்த 56-ஐ, அதாவது விநாடிக்கு 56,000 பிட் வேகத்தை, ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. இணைந்ததும் திரையில் வேகம் காட்டும்; நல்ல நாளில் 45333 வரும். மழைக்காலத்தில் 26400, அதுவும் பத்து நிமிஷத்தில் அறுந்துவிடும். ஐந்து எம்பி கோப்பு ஒன்று கால் மணியில் இறங்குவதற்கும் அரை மணி இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. இணைப்பே ஒரு லோக்கல் கால்தான், அதற்கு மீட்டர் வேறு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வேக எண்ணைப் பார்த்தே லைனின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம் என்று பின்னால்தான் தெரிந்தது. 33600-க்குள், 2400-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் மோடம் பழைய, மெதுவான வி.34 என்ற முறைக்கு இறங்கிவிட்டது. 45333, 46666 மாதிரி கோணலான எண் என்றால் வி.90 என்ற 56கே முறை. இது வேலை செய்ய, டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து இணைய நிறுவனம் வரை எல்லாம் டிஜிட்டலாக இருக்க வேண்டும். அனலாக் என்பது வீட்டுக்கு வரும் செம்புக் கம்பி மட்டும்தான். அந்தக் கம்பி கெட்டால் அவ்வளவுதான்.

நானோ மோடத்தைத் திட்டினேன். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடு போய் வேறொன்று வாங்கியும் அதே 26400. பக்கத்து வீட்டு மாமாதான், "போன்ல ஒரு நம்பரை மட்டும் அமுக்கிட்டுக் கேளுப்பா" என்றார். டயல் டோன் நின்றதும், பின்னால் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பேச்சுக்கு அது தொந்தரவே இல்லை, காது மன்னித்துவிடும். மோடம் மன்னிக்காது.

லைன்மேன் வர பன்னிரண்டு நாள் ஆயிற்று. மாடிப்படிக்குக் கீழே இருந்த டெலிபோன் கம்பிப் பெட்டியைத் திறந்தால், வெறுமனே முறுக்கி விட்ட ஜாயிண்ட், பச்சையாகக் களிம்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. வெட்டி, சுரண்டி, புதிதாக முறுக்கி டேப் சுற்றினார். ஐந்து நிமிஷ வேலை. அன்றிரவே 45333.

அப்புறம் இரண்டாவது போனுக்காக அதே லைனிலிருந்து பிரிந்து படுக்கையறைக்குப் போன பேரலல் கம்பியையும் கழற்றினேன். ரிசீவரை யாரும் எடுக்காவிட்டாலும், சும்மா தொங்கும் கிளைக் கம்பியில் சிக்னல் போய் மோதித் திரும்பிக் குழப்பும். கழற்றியதும் 49333. அம்மாவுக்குத்தான் வருத்தம், ஒவ்வொரு காலுக்கும் கூடத்துக்கு எழுந்து வர வேண்டியதாயிற்று.

மோடத்தின் அமைப்புகளில் ஒன்றான எஸ்10 ரெஜிஸ்டரை 50 ஆக்கியதும் உதவியது; அது பத்தில் ஒரு விநாடிக் கணக்கு. சிக்னல் ஒரு கணம் போனாலும் ஐந்து விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மோடம் இணைப்பைத் துண்டிக்கும்.

ஜூன் பிறந்தால் மாடிப்படிக்குக் கீழே உள்ள அந்தக் கம்பிப் பெட்டிமேல் ஒரு பால் கவரைக் கவிழ்த்துக் கட்டிவிடுவேன். லைன்மேன் அடுத்த முறை வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் அவிழ்க்கவில்லை.