மூன்று மாரி கண்ட வான்: ஒழுக்குப் பிடித்த அனுபவம்

இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டில் டீசலுக்குக் கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில்தான் எங்கள் டொல்பின் வானை (பழைய ரொயோட்டா ஹையேஸ் வாகனம்) படுத்துறங்கும் வானாக மாற்றினேன். ஓட வழியில்லாமல் நின்ற வானைக் கழற்றிப் பூட்ட நேரம் தாராளமாகக் கிடைத்தது. பின்னுக்கு ஒரு கட்டில், பக்கத்தில் கைகழுவும் தொட்டியோடு சின்னக் குசினி, 40 லீட்டர்த் தண்ணீர்த் தாங்கி, 12 வோல்ட் பம்ப், கூரையில் மூடியோடு ஒரு விசிறி, இடப்பக்கம் இழுத்துத் திறக்கும் யன்னல். கசூரினா, மணற்காடு என்று யாழ்ப்பாணக் கடற்கரைகளுக்குப் போய்ப் படுத்து எழும்பினோம். வெயில் காலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கார்த்திகை மழையில் ஒரு நாள் மெத்தையின் கால்மாடு நனைந்திருந்தது. தூக்கிப் பார்த்தால் அடியில் ஒட்டுப்பலகை ஊதி, பூஞ்சணம் பிடித்து, விரலால் அமத்த உள்ளே போகிறது. மேலே கூரை விசிறி. வேறென்ன, அதுதான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டினேன். ரவுணில் சிலிக்கன் இரண்டு ரியூப் வாங்கி விசிறியைச் சுற்றி அப்பினேன். அடுத்த மழைக்கும் அதே இடத்தில் சொட்டு. இன்னும் இரண்டு ரியூப். அந்த ஆவேசத்தில் யன்னலைச் சுற்றியும் ஒரு பூச்சு. முதல் மாரி முழுக்க இந்த விசர் வேலையிலேயே போனது. மார்கழியில் வானைத் தறப்பாளால் மூடிக் கட்டிவிட்டேன்.

மாசியில் வானம் வெளித்த பிறகும் தொட்டிக்குக் கீழே அலுமாரித் தளம் ஈரமாக இருந்ததுதான் கண்ணைத் திறந்தது. மழையே இல்லாமல் நனைகிறதென்றால் இது வேறு தண்ணீர். எல்லாக் குழாயையும் பூட்டி, பம்பை மட்டும் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பம்ப் தானாக ஒரு ‘குர்ர்’ விட்டு நின்றது. குழாய்கள் பூட்டியிருக்கப் பம்ப் ஓடினால் அழுத்தம் எங்கோ இறங்குகிறது. ஒன்று மூட்டு ஒழுகுகிறது, இல்லையென்றால் பம்புக்குள் இருக்கும் வால்வு திரும்ப விடுகிறது. தாங்கிக்குள் கொஞ்சம் கேசரிப் பவுடர் கரைத்து விட்டு, மூட்டுகளுக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்தேன். காலையில் ஒரு துணியில் செம்மஞ்சள் பொட்டு. (கேசரிப் பவுடரைக் கையளவாகப் போடாதீர்கள். எங்களுக்கு இரண்டு கிழமையாகப் பல்லு விளக்கின தண்ணீரும் மஞ்சள்தான்.)

மூட்டைக் கழற்றினால் வோஷரைச் சுற்றி வெள்ளைக் கல். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படிவதுதான் அங்கேயும் படிந்து வோஷரை இருக்கவிடாமல் பண்ணியிருந்தது. வினாகிரியில் ஊறப்போட்டுக் கழுவி, புது வோஷர் போட்டு, துருப்பிடித்த கிளிப்புக்குப் பதில் துருப்பிடிக்காத கிளிப் பூட்டினேன். அன்றிலிருந்து பம்ப் சத்தமில்லை. வருடத்துக்கு ஒருக்கா வினாகிரி வேலை மட்டும் செய்கிறேன்.

மழைத் தண்ணீரின் கதை நீளம். கோண்டாவில் பக்கம் தகர வேலை செய்யும் வயதான ஒரு அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விசிறியைச் சுற்றியிருந்த சிலிக்கனைப் பார்த்து முதலில் சிரித்தார். “தம்பி, நனைஞ்ச இடத்தைப் பாத்துப் பூசிறதை விடும். தண்ணி ஏறின இடம் எங்கையோ கிடக்கும். வீட்டிலை வான் எப்பிடி நிக்கிறது?” என்றார். அப்போதுதான் யோசித்தேன். றோட்டுப் போடப் போட றோட்டு உயர்ந்து, எங்கள் வளவு பள்ளமாகிவிட்டது. வானைப் படலைப் பக்கம் பார்க்க விட்டால் மூக்கு மேலே, பின்பக்கம் கீழே. முன்னால் ஏறுகிற தண்ணீர் கூரைத் தகரத்துக்கும் உள்பலகைக்கும் இடையில் சட்டத்தோடு ஓடிவந்து கட்டிலில் விழலாம்.

அவர் சொன்னபடி உள்கூரைப் பலகைகளைக் கழற்றி, சட்டங்கள் நெடுக கியூட்டிகுரா பவுடர் தூவினோம். மனைவி உள்ளே ரோச்சோடு, நான் வெளியே ஹோஸ் பைப்போடு. கீழிருந்து மேலே போக வேண்டும், அதுதான் முக்கியம். மேலே பிடித்தால் எல்லா இடமும் ஒன்றாய் நனைந்துவிடும், எது ஓட்டை என்று பிரிக்க முடியாது. யன்னல் மட்டத்தில் பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் மேலே, பிறகு கூரையோரப் பீலி. அரை மணித்தியாலம் ஒன்றுமில்லை. சாரதி ஆசனத்துக்கு மேலே பீலிக்குப் பைப்பைக் கொண்டுபோய்ச் சில நிமிடம்தான். “இஞ்சேருங்கோ, வருது வருது! பவுடருக்குள்ளாலை கோடு கிழிச்சுக்கொண்டு போகுது!” என்ற சத்தம். சொட்டு விழுகிற இடத்துக்கும் ஏறின இடத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் தூரம்.

கூரைக் கரியரின் கால் பீலியைக் கவ்விப் பிடித்த இடத்தில் கம்பனிப் பூச்சு வெடித்து, கீழே துரு மயிர்போல ஒரு கீறல் போட்டிருந்தது. விசிறி பாவம், அதில் ஒரு குற்றமும் இல்லை.

அதைவிடக் கேவலம் யன்னல். இழுவை யன்னலின் கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வெளியே வடிய இரண்டு துளை உண்டு. அதைத்தான் நான் ஓட்டையென்று நினைத்து சிலிக்கனால் அடைத்திருக்கிறேன்! சட்டம் நிரம்பித் தண்ணீர் உள்பக்கமாக வழிந்தது. சைக்கிள் கம்பியால் குத்தித் திறந்தேன். உள்ளே செம்மண்ணும் வேப்பம்பூவும். வேம்புக்குக் கீழே வாகனம் விடுகிறவர்கள் மாதமொருமுறை அந்தத் துளைகளையும், முன்கண்ணாடிக்குக் கீழே இலை அடைக்கும் இடத்தையும் பார்க்கவும்.

பங்குனி வெயிலில் திருத்தினேன். பாதி நேரம் என்னுடைய சிலிக்கனைச் சுரண்டுவதிலேயே போனது. சிலிக்கனின் மிச்சத்தில் பெயின்றும் ஒட்டாது, வேறு பூச்சும் ஒட்டாது. பிளேட்டாலும் ஸ்பிரிட்டாலும் இரண்டு நாள். பீலியில் துருவை வெள்ளைத் தகரம் தெரியுமட்டும் தேய்த்து, துருத் தடுப்புப் பிரைமர் அடித்து, பொலியூரித்தேன் பூச்சு இட்டு, காய்ந்த பிறகு பெயின்ற் அடித்தேன். அந்தப் பூச்சு காற்றின் ஈரத்தில்தான் இறுகும், நாளுக்கு 3 மில்லிமீற்றர் அளவில். அவசரப்பட்டால் உள்ளே பச்சையாகவே இருக்கும். விசிறியைக் கழற்றிப் பியூட்டைல் ரேப் (பசைபோல ஒட்டும் றப்பர் நாடா) வைத்துத் திரும்பப் பூட்டினேன். எங்கள் வெயிலுக்கு அந்த ரேப் களியாகி வெளியே பிதுங்கும். இரண்டு கிழமை கழித்துப் புரியாணிகளை இன்னொருமுறை இறுக்கி, பிதுங்கியதை வெட்டிவிட வேண்டும்.

இரண்டாம் மாரியில் இன்னுமொரு ஈரம். மழையிரவில் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு மூன்று பேர் படுத்து, உள்ளேயே தேத்தண்ணியும் வைத்தால் காலையில் சுவர்ப்பலகை வேர்த்திருக்கும். திரும்பவும் பைப்பைத் தூக்கப்போன என்னை மனைவிதான் மறித்தார். ஒரு பொலித்தீன் துண்டைப் பலகையில் நான்கு பக்கமும் ஒட்டினோம். காலையில் ஈரம் எங்கள் பக்கம், பலகைப் பக்கம் காய்ந்தபடி. ஒழுக்கில்லை, எங்களுடைய மூச்சு. அன்றிலிருந்து விசிறி மூடி இரண்டு விரல் அளவு திறந்திருக்கும், அடுப்பு வெளியில்.

2024 நவம்பர் கடைசிக் கிழமை யாழ்ப்பாணமே வெள்ளத்தில் நின்றது தெரியும்தானே. வளவுக்குள் ரயரின் பாதி மட்டும் தண்ணீர். பலகையின் ஈரம் அளக்கும் ஊசி மீற்றரைக் கட்டில் பலகையில் குத்தினேன்: 13 வீதம். முதல் மாரியில் அதே மூலை 28 காட்டியது. 20க்கு மேலே நின்றால் பலகை உக்கத் தொடங்கும்.

பொலியூரித்தேனுக்கும் பியூட்டைலுக்கும் என் முழு வாக்கு. கரியர் காலுக்குக் கீழே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒட்டிய அலுமினியத் தாள் ரேப் ஏழு மாதத்தில் ஓரம் கிளம்பிவிட்டது, காசு வீண். சிலிக்கன் தொட்டியின் விளிம்புக்கு மட்டும், கூரைப்பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

பின்கதவு றப்பரின் வலது மூலை மட்டும் இன்னும் சரிவரவில்லை. கடும் மழைக்கு மணித்தியாலத்துக்கு மூன்று நான்கு சொட்டு. பழைய வான் உடைக்கிற இடத்தில் றப்பர் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் அந்த மூலையில் மனைவி ஒரு எவர்சில்வர் பேணி வைத்திருக்கிறார்.